சந்தை நிறையும் நேரம்

இது எனக்கு நேர்ந்ததில்லை. கோகிலவாணி சொல்லிக் கேட்டது. முதுகலை வரலாறு படித்தபோது விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவர்கள் நாங்கள்தான். படிப்பு முடிந்து ஊருக்குப் போனவள், ஒரு மழைநாள் மாலை என் அறைக்கு வந்து, துண்டால் தலையைத் துவட்டியபடியே இதைச் சொன்னாள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்றாள். அவள் சொன்னது கொஞ்சம்தான், இடையில் பேசாமல் இருந்ததுதான் அதிகம். அந்த இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். தவறாக நிரப்பியிருந்தால் தவறு என்னுடையது. இனி வரும் 'நான்' அவள்.

நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. வந்துவிடுவார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. மின்விசிறி சுற்றச் சுற்ற மேடைக்குப் பின்னால் கட்டிய துணி உப்புகிறது, அடங்குகிறது. வாரச்சந்தைத் திடலில் வணிக வளாகம் அமைப்பது குறித்துப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 'கேட்பு' மட்டும் மடிப்புக்குள் போய்ப் போய் வருகிறது. முன்வரிசை நிறைந்திருக்கிறது, எல்லாம் வெள்ளைச் சட்டை, வளாகம் வந்தால் அதைக் கட்டப் போகிறவர்கள் அல்லது அதில் கடை எடுக்கப் போகிறவர்கள். நடுவில் நான். எனக்குப் பின்னால் யாருமில்லை, நீல நாற்காலிகள்தான், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்ததைக் காலையில் நானே பிரித்துப் போட்டேன், சந்தைக்காரர்கள் எல்லாரும் உட்கார வேண்டுமே என்று. ஜன்னலுக்கு வெளியே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் சந்தை. எந்தச் சத்தம் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். 'கசக்காதீங்க்கா, அது தக்காளி, உங்க மாமியா கையில்ல' என்பது நுழைவாயில் பக்கத்துக் கடை. தகர டப்பாவைக் குலுக்குவது எலி மருந்துக்காரர். அம்மாவின் குரல் மட்டும் கேட்காது. பொரி விற்கிறவர்கள் கூவுவதில்லை. சந்தைக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் வாங்கி முடித்துத் திரும்பும்போது, வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளின் ஞாபகம் வந்து, தாமாகவே பொரிக்கடைக்கு வருவார்கள். காலையில் அம்மா என் கைப்பையில் திணித்த பொரிப் பொட்டலம் மடியில் இருக்கிறது. 'பேசறதுக்கு மின்னால ரெண்டு வாயில போட்டுக்க கண்ணு, வகுத்துல ஒண்ணுமில்லீன்னா நாக்கு மேல ஒட்டிக்கும்.' நாக்கு ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இங்கே உட்கார்ந்து பொரி தின்றால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். நான் யாருடைய மகள் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன? தெரிய வேண்டும் என்றுதானே வந்தேன்? ஆனால் கை பொட்டலத்தை அவிழ்க்கவில்லை, கைப்பைக்குள் இன்னும் கீழே தள்ளுகிறது. மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், வாகன நிறுத்தம், கழிப்பறை, மழை பெய்தால் சேறாகும் திடல். எல்லாம் உண்மைதான். சேறாகத்தான் ஆகும். போன மழையில் அம்மா பொரி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே விற்றாள்.

இன்று எதிர்ப்புச் சொல்ல ஆள் வராவிட்டால் திடல் போய்விடும். சந்தை நெடுஞ்சாலைக்கு அப்பால், பேருந்து நிற்காத இடத்துக்குப் போகும். பேருந்து நிற்காத இடத்தில் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் எப்படிப் பொரி வாங்குவார்கள், யார் வாங்குவார்கள். இதை நகராட்சி ஆணையரிடம் சொல்லத்தான் போன மாதம் துரைசாமி மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாமா வெங்காயக் கடை, சந்தை வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர், சங்கத்துக்கு அறை கிடையாது, அவருடைய சாக்குத்தான் அறை. 'நீதான் படிச்ச புள்ள, நீ பேசு அம்மிணி, நான் பேசுனா வெங்காயம் விக்கிற மாதிரியே இருக்கும்' என்றார். ஆணையர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது, நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, அவர் கேட்பதற்கெல்லாம் சரியான விடை சொல்ல வேண்டும் என்ற தேர்வு அவசரம் வந்துவிட்டது. 'ஒரு கூட்டம் வெச்சிருவோம்மா. எந்தக் கிழமை உங்களுக்கு வசதி?' நான் யோசிக்கவே இல்லை. 'வியாழக்கிழமை சார்.' அவர் நாட்காட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். 'அன்னிக்குச் சந்தையாச்சே?' கேட்டாரே. அவர் கேட்டார். அங்கேதான் மறுபடி மறுபடி போய் நிற்கிறேன், அந்தக் கேள்விக்கும் என் விடைக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில். அதில் ஒரு மூச்சு விட்டிருக்கலாம். 'அதனாலதான் சார், மத்த நாள்ல இவங்க எல்லாம் வேற வேற ஊர்ச் சந்தைக்குப் போயிருவாங்க. வியாழக்கிழமைதான் எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாங்க.' பொய்யில்லை. திங்கள் ஒரு ஊர், செவ்வாய் ஒரு ஊர் என்று டெம்போவில் சுற்றுகிறவர்கள், வியாழன் மட்டும் இங்கே. 'சரி, காலையில பதினோரு மணி?' 'சரிங்க சார்.' வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மாமா, 'போட்டயே ஒரு போடு! மனுசன் வாயத் தொறக்கல பாத்தியா' என்றார். அவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள், அந்த நாளை அலுவலகத்தின் வாயிலிருந்தே வாங்கிவிட்டோம் என்று பேருந்து நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தோம், அவர் எனக்கு இளநீர் வாங்கித் தந்தார். எல்லாரும் இருக்கும் நாள் அது. எல்லாரும் கடையில் இருக்கும் நாள்.

பொதுமக்கள் என்று மைக்கில் சொல்கிறார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன். கதவருகில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், நல்லது, ஒருவராவது, இல்லை, அவர் மின்விசிறிக் காற்றுக்கு வந்தவர், கண்ணை மூடியிருக்கிறார். மாமா வருவதாகச் சொன்னார். 'மூட்டையக் கொட்டிப் பரப்பிட்டு வந்தர்றேன் அம்மிணி' என்றார். பரப்பிய வெங்காயத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்? ஏன் அன்றைக்கே எனக்கு இது தெரியவில்லை? எத்தனை வியாழக்கிழமை அம்மாவின் சாக்கில் உட்கார்ந்து பொரி அளக்கப் படி பிடித்திருக்கிறேன், அம்மா தண்ணீர் குடிக்கப் போக முடியாமல் தொண்டை கட்டிப் பேசியதைப் பார்த்திருக்கிறேன், பக்கத்துக் கடைக்காரியிடம் 'சித்த பாத்துக்க' என்று சொல்லிவிட்டு ஓடியவள் பாதியிலேயே திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஆணையர் கேட்ட அந்த நேரத்தில் என் தலைக்குள் இருந்தது இந்தச் சந்தை இல்லை, வேறு ஒரு சந்தை. வெள்ளைக் கல் தூண்கள், வெயில், போர்த்திய துணியோடு ஆண்கள். அகோரா. கல்லூரியில் அந்தச் சொல்லைக் கேட்ட நாளில் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. பாடநூலில் 'சதுக்கம்' என்று போட்டிருந்தது. நகரத்துக்கு நடுவில் ஒரு திறந்த இடம், அங்கேதான் காய்கறி விற்றார்கள், அங்கேதான் வழக்குப் பேசினார்கள், அங்கேதான் நாட்டை எப்படி ஆள்வது என்று வாதாடினார்கள். விற்கிற இடமும் பேசுகிற இடமும் ஒன்று. வகுப்பில் எல்லாரும் குறிப்பு எடுக்க, நான் மட்டும் எங்கள் திடலை நினைத்துக்கொண்டிருந்தேன், நானும் ஒரு அகோராவிலிருந்துதான் வந்திருக்கிறேன் என்று. அதுவரை யாரிடமும் அம்மா பொரி விற்கிறாள் என்று சொன்னதில்லை. அன்று விடுதியில் சொன்னேன். ஒரு கிரேக்கச் சொல் எனக்கு அந்தத் துணிச்சலைத் தந்தது. அதனால் அந்தச் சொல்லின்மேல் எனக்கு நன்றி, நன்றியால் ஒரு குருட்டுத்தனம்.

தேர்வில் எழுதினேன், நல்ல மதிப்பெண். இச்சொல்லின் பொருள்கள்: முதலில், மக்கள் கூடுவது. இரண்டாவது, கூடுகிற இடம். மூன்றாவது, அங்கே நடப்பவை, பேச்சும் விற்கும் சரக்கும். அதிலிருந்து பிறந்த வினைச்சொல் ஒன்று, சந்தைக்குப் போவது, வாங்குவது, சும்மா அங்கே சுற்றித் திரிவது என்று எல்லாவற்றுக்கும் பயன்பட்டது. பிற்காலத்து மருத்துவர்கள் திறந்த வெளியைக் கண்டு வரும் பயத்துக்கும் இந்தச் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்கள். அதைப் படித்துவிட்டு எனக்கு இருப்பது அதுதானோ என்று பயந்தேன். அது இல்லை. திறந்த வெளியில் எனக்குப் பயமே வந்ததில்லை, நாற்காலி போட்ட அறையில்தான் வரும். நான்காவது என்று ஒன்று எழுதினேனே, என்ன அது? எழுதினேன், அடிக்கோடு கூட இட்டேன். மூன்று பொருள் மறுபடி மறுபடி வருகிறது, நான்காவது வரமாட்டேன் என்கிறது. வெளியே யாரோ 'ஏய், வழிய விடு, வழிய விடு' என்று தள்ளுவண்டியோடு கத்துகிறார், இன்னொருவர் 'எங்கடா வழி, தலைமேல போ' என்கிறார். கூட்டம் நெரிகிற நேரம். ஆமாம். நேரம். நான்காவது பொருள் நேரம். 'அகோரா நிறையும்போது' என்று சொன்னால் முற்பகல். கடிகாரம் இல்லாத அந்த மனிதர்கள் காலைக்கும் உச்சிக்கும் நடுவில் உள்ள நேரத்தை அப்படித்தான் சொன்னார்கள். சந்தை நிறையும் நேரம். அது எனக்குத் தெரியும், விடைத்தாளில் என் கையெழுத்தில் இருந்தது, அதற்கு எனக்கு மதிப்பெண் கொடுத்தார்கள், ஆணையர் பதினோரு மணி என்றபோது நான் சரிங்க சார் என்றேன்.

எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். பார்க்கிறேன் அம்மாவை. முக்காடு போட்ட துண்டு, சாக்கு, பொரிக் குவியல், சுற்றிலும் கைகள். படியைக் குவித்து, குவியலின் மேல் இன்னொரு கை அள்ளிப் போட்டு, கவிழ்க்கிறாள். போய் அவளைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் கடை? கடையில் நான் உட்காரலாம். இந்த எண்ணம் எவ்வளவு எளிமையாக வருகிறது, இவ்வளவு நேரம் எங்கே இருந்தது? நான் படி பிடிக்கலாம், அம்மா வந்து பேசலாம். அம்மாவுக்கு நாக்கு ஒட்டாது. போன வருஷம் சுங்கம் வசூலிக்கிறவன் சாக்கை மிதித்தபோது, 'ஏனுங் சாமி, சோத்து மேல இப்பிடித்தான் நடப்பீங்ளா?' என்று அவள் கேட்டதில் அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான். அவள் வந்து இந்த மேடைக்குக் கீழே நின்று ஒரு கேள்வி கேட்டால் போதும். போ. கால் வாசலை நோக்கி நகர்கிறது. ஆனால் நான் படியிறங்கிச் சாலையைக் கடப்பதற்குள் இங்கே கேட்டுவிட்டால்? 'எதிர்ப்பு யாருக்காவது உண்டா' என்று கேட்டு, யாருமில்லை என்று எழுதி முடித்துவிட்டால்? நான் ஒருத்தியாவது இருக்க வேண்டாமா? இரு. ஆனால் நான் இருந்து என்ன சொல்லப் போகிறேன்? போ. இந்தப் புடவையோடு சாக்கில் உட்கார்ந்து, நடு வகிடு எடுத்து வாரிய தலையோடு, 'என்ன கோகிலா, படிச்சுப்போட்டு பொரிக்கே வந்துட்டயா' என்று கேட்பார்கள். இதுதான் காரணமா? இது இல்லை, கேள்வி வந்துவிடுமே என்பதுதான் காரணம். இரண்டும்தான். எது பெரியது என்று அளந்து பார்க்க இப்போது நேரமில்லை. ஜன்னல் கம்பியில் கை வைத்தபடி நிற்கிறேன், போகவும் இல்லை, உட்காரவும் இல்லை, அம்மா ஒருமுறை நிமிர்ந்து இந்தக் கட்டடத்தைப் பார்க்கிறாள், எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் பார்க்கிறாள், அதற்குள் யாரோ பையை நீட்ட, குனிந்துவிடுகிறாள்.

'பொதுமக்கள் தரப்பில் வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா?' நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்ததால், பேச எழுந்தவள் என்றே நினைத்து மைக்கைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன், இப்போது மூன்று. சந்தையை மாற்றாதீர்கள். பேருந்து நிற்காத இடத்தில் எங்களுக்குப் பிழைப்பு இல்லை. இந்தக் கூட்டத்தைச் சந்தை இல்லாத நேரத்தில் இன்னொரு முறை வையுங்கள். மூன்றாவது இப்போதுதான் சேர்ந்தது, அதுவே முக்கியம், அதை முதலில் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கிறேன். 'ஐயா, பழைய கிரேக்க நாட்டுல அகோரான்னு ஒரு சொல் இருந்துது.' ஏன் இது வருகிறது? முன்வரிசை திரும்புகிறது. வெள்ளைச் சட்டைகள் செல்போனைத் தாழ்த்துகின்றன. ஆணையர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்கிறார். என் குரல் நடுங்கவில்லை, எனக்கே ஆச்சரியம், நன்றாக இருக்கிறது என் குரல், மைக்கில் அது படித்தவளின் குரலாக இருக்கிறது. கூடுவது, கூடும் இடம், பேச்சு, சரக்கு. ஒரு ஊர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் இடம் அது என்கிறேன். யாரோ தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டலுக்காக இன்னொரு வாக்கியம், அதற்குக் கிடைத்த புன்னகைக்காக இன்னொன்று. இப்போது சொல், இப்போது அந்த மூன்றையும் சொல், இந்தத் தூண் மண்டபத்தை முடித்துவிட்டுச் சொல்கிறேன். ஆணையர் கனிவாகக் குறுக்கிடுகிறார். 'ரொம்ப நல்லாச் சொன்னீங்கம்மா. மக்கள் கூடற மாதிரி, வியாபாரமும் நடக்கற மாதிரி ஒரு நல்ல எடம் நம்ம ஊருக்கும் வேணும்ங்கறீங்க. அப்படித்தானே?' 'ஆமாங்க சார்.' அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் அடுத்த வாக்கியம். அதற்குள் கைதட்டுகிறார்கள். மைக் என் கையிலிருந்து போய்விட்டது. மைக் இல்லாமல் சொல்லலாம், இவ்வளவு சின்ன அறை, 'சார்' என்று கூப்பிட்டால் கேட்கும், கை பாதி உயர்கிறது, முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். 'அந்தப் பேரு என்ன சொன்னீங்க தங்கச்சி? அ... கோ... ரா. இதுல கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்.' ஒரு தாளையும் பேனாவையும் நீட்டுகிறார். நான் எழுதிக் கொடுக்கிறேன். அழகாக, தலைப்பு எழுதுவதுபோல. மேடையில் வாசிக்கிறார்கள், பேசிய அனைவரும் திட்டத்தை வரவேற்றனர். வரவேற்றனர். அந்தப் பன்மைக்குள் நான் இருக்கிறேன்.

சாலையைக் கடக்கும்போது வெயில் முகத்தில் அறைகிறது. இப்போது கடக்க எவ்வளவு நேரம் ஆனது? ஒன்றுமே ஆகவில்லை. துரைசாமி மாமா வெங்காயத்துக்கு நடுவிலிருந்து, 'வந்தறலாம் வந்தறலாம்னு பாத்தேன் அம்மிணி, ஒருத்தனும் நகர உடல. என்னமோ அகோரம்னு வெளிநாட்டுக் கதையெல்லாம் சொன்னயாமா? கதவுகிட்ட தூங்குன பெரிசு வந்து சொல்லுது' என்று சிரிக்கிறார். சிரிப்பில் நம்பிக்கை இருக்கிறது, நான் ஜெயித்துவிட்டு வந்திருப்பேன் என்ற நம்பிக்கை. அம்மா படியைக் கவிழ்த்துக்கொண்டே, 'பேசுனயா கண்ணு?' என்கிறாள். 'பேசினேன்மா.' 'போவமாட்டோம்னு சொன்னயா?' எனக்கு முன்னால் ஒரு பெண் பையை விரித்துப் பிடித்திருக்கிறாள், பொரி அதில் விழும் சத்தம், மழை தொடங்குவதுபோன்ற சத்தம். 'கேட்கற மாதிரி சொல்லலம்மா.' அம்மா நிமிரவில்லை. கோபமும் இல்லை. கணக்கில் ஏதோ விட்டுப்போனதை யோசிப்பவள்போல, 'நீ சித்த நேரம் இங்க வந்து உக்காந்திருந்தீன்னா, நான் ஓடிப்போயி ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு ஓடியாந்திருப்பனே' என்கிறாள். பிறகு பையை விரித்த பெண்ணிடம், 'நல்லா விரிச்சுப் புடி சாமி, என்ற பொரி காத்துக்குப் பறக்கும்' என்கிறாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கில் உட்கார்கிறேன். 'புடவ அழுக்காவும் புள்ள.' 'ஆவட்டும்மா. நீ போய் தண்ணி குடிச்சிட்டு வா.' அவள் போகிறாள். பாதியில் திரும்பி வரவில்லை, முழுதாகப் போகிறாள். படி என் கையில் இருக்கிறது, குவித்து, மேலே ஒரு கை அள்ளிப் போட்டு, கவிழ்க்கிறேன், கைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. கைப்பையில் இருந்த பொட்டலத்தை அவிழ்த்து வாயில் போடுகிறேன். நமுத்துப் போயிருக்கிறது. என்ன கோகிலா, பொரிக்கே வந்துட்டயா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பையைத்தான் நீட்டுகிறார்கள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். பொரி கைப்பையில் இருந்தது என்றாள். நமுத்துப்போனது என்று எழுதியது நான். அடுத்த பொங்கலுக்கு முன்பே சந்தை நெடுஞ்சாலைக்கு அப்பால் போய்விட்டது. அவளுடைய அம்மா இப்போது வியாழக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறார். அந்த ஊர் வழியாகப் பேருந்தில் போனபோது பழைய திடலில் எழுந்திருக்கும் கட்டடத்தைப் பார்த்தேன். கண்ணாடி முகப்பு, அதன் உச்சியில் பெரிய எழுத்துகளில் 'அகோரா வணிக வளாகம்'. அவள் இதை என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு நூலகத்துக்குப் போய் ஒன்றைச் சரிபார்த்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கள் பாடநூலில் இருந்த அந்தப் பழைய கிரேக்க நகரத்தில் மக்கள் மன்றம் கூடியது சந்தையில் இல்லை, பக்கத்தில் இருந்த ஒரு குன்றின்மேல். சந்தையில் நின்றவர்கள் கூட்டத்துக்குத் தாமாக ஏறிப் போய்விடவில்லை. சிவப்புச் சாயம் தோய்த்த நீளமான கயிற்றை ஆட்கள் பிடித்துக்கொண்டு, அவர்களைக் குன்றின் பக்கமாக ஒதுக்கித் தள்ளினார்கள். உடையில் சாயம் பட்டால் தண்டம் கட்ட வேண்டும். இதைப் பற்றிப் பிற்காலத்தில் யாரோ எழுதிவைத்த உரைக்குறிப்பு ஒன்று, கூட்ட நாளில் அவர்கள் செய்த இன்னொன்றையும் சொல்கிறது: யாரும் கடையோடு நின்றுவிடாதபடி, சந்தையில் விற்பதற்குப் பரப்பியிருந்த சரக்கை எல்லாம் அன்றைக்கு எடுத்துவிடுவார்களாம்.